மகாராணியின் பின் சக்கரம்

ஜூன் 4, திங்கள்

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

நீ வாசற்படி இறங்கும்போது, "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சில்ல"ன்னு சொன்னாய். நானும் "போடா, யாருக்கு வேணும் உன் பேச்சு" என்றேன். அது அப்படியே இருக்கட்டும். இது பேச்சில்லை, எழுத்து. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது.

மகாராணி ஊளையிடுகிறாள்.

இறக்கத்தில் வேகம் பிடித்ததும் பின்னால் இடது பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது. மிக்ஸியில் வெறும் ஜாரை ஓட்டினால் உறுமுமே, அது மாதிரி. முதலில் நான் என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். போன வாரம் அப்பாவும் தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பேச்சுப் போனாலும் அவருக்குக் காது போகவில்லை.

சந்தை முனை மெக்கானிக்கிடம் காட்டினேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பின் சக்கரத்து பேரிங் காஞ்சு கிடக்குதுக்கா. ஆனா நான் கை வைக்க மாட்டேன். இதுக்கு பார்ட்ஸ் கேட்டுக் கடைக்குப் போனா என்னையே புடிச்சு மியூசியத்துல வெச்சுருவான்" என்றார். நான் சிரிக்கவில்லை என்று அவருக்கு வருத்தம். மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். விட்டுவிட்டு அப்பாவை எதில் கூட்டிப் போவது?

உனக்குத் தெரியாததில்லை. திங்கள், வியாழன் இரண்டு நாளும் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டுகிறது. வலது பக்கம் முழுசும் விழுந்துபோன மனுஷரை பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆஸ்பத்திரி வண்டி மலைமேல் வராது. உன் அத்தானுக்கு மில்லில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது; ஓட்டவும் தெரியாது. மகாராணியைத் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆக, நான்தான். நீ போன பிறகு காலி மைதானத்தில் நானே மோதி மோதிக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

அதில் ஒன்றும் புதிதில்லை. அம்மா இருந்தவரை அந்தக் காரை "அது மூத்தவ, நான் இளையவ" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த மூத்தவளிடம் உனக்கு அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கிற உரிமை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? வண்டி மேட்டில் நின்றால் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைக்கிற வேலை. "பெரியவளே, கல்லு" என்பார் அப்பா. அவ்வளவுதான் எனக்கும் அந்தக் காருக்கும் உள்ள சொந்தம். இப்போதும் வைக்கிறேன். மலைப்பாதையில் நாலாவது வளைவில் இருக்கிற சின்னக் கோயிலைக் கும்பிட இறங்குவேன் அல்லவா, அப்போது அதே கல்லை வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன். இன்ஜினை அணைத்தால் மறுபடி ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும் என்பதால் அணைப்பதில்லை.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அப்பா மெஷினில் இருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. சக்கரம் கழன்று ஓடினால் அவர் ஒரு கையால் எதைப் பிடிப்பார்?

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. மற்றதற்கெல்லாம் நீ கோபமாகவே இருந்துகொள்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. படகு சாமான் இறக்கியதும் திரும்பிவிடும். அது போவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தீவில் கலங்கரை விளக்கமும் ஒரு ஜெனரேட்டரும் நாங்கள் மூன்று பேரும்தான். அடுத்த படகு எப்போது என்பதைக் கடல்தான் சொல்லும்.

மெக்கானிக் சொன்னது சரி. பேரிங் காய்ந்திருக்கிறது. கிரீஸ் அடித்தால் போதும், சக்கரம் கழற்ற வேண்டாம். அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிரீஸ் கன் இருக்கிறது. டப்பா கிரீஸும் அதற்குள்தான்.

முன் பக்கம் முதலில். சக்கரத்துக்கு உள்ளே, கை விட்டுத் தடவினால் சின்னச் சின்ன மூக்கு மாதிரி இருக்கும், பக்கத்துக்கு மூன்று. துணியால் துடை. கன்னின் வாயை மூக்கில் அழுத்திப் பிடித்து அடி. பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வெளியே வரும், பிறகு புதியது வரும். அது வரும் வரை அடி. பின் பக்கமும் அதே மாதிரி மூக்குதான், பக்கத்துக்கு ஒன்று, அச்சுக் குழாயின் நுனியில் பிரேக் தட்டுக்கு உள்பக்கம் இருக்கும். அதையும் அடி. சத்தம் நின்றுவிடும். அளவெல்லாம் உனக்குச் சொல்லித்தரணுமா, கணக்குப்பிள்ளை? உப்பு டப்பாவில் எத்தனை ஸ்பூன் இருக்கிறது என்று தெரிந்தவள் நீ.

இவ்வளவும் எழுதியாயிற்று. இனி நான் சொல்ல வேண்டியது. அந்தக் காரை விற்றுவிடு என்று சொன்னேன். அப்பாவை அடிவாரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் இல்லத்தில் சேர்க்கலாம், வாரத்துக்கு இரண்டு முறை மலை இறங்க வேண்டாம் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்து, "பெத்த அப்பனைக் கொண்டுபோய் அடகு வைக்கச் சொல்றியா"ன்னு கேட்டாய். அதை நான் மறக்கவில்லை. நான் கொலைகாரன் மாதிரி வீட்டை விட்டு இறங்கினேன்.

இன்னொன்று. அந்தக் கல்லைத் தூக்கி எறி. கிளம்புவதற்கு முன்னால் பின் சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் ஷூ போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டுத்தான் வந்தேன். கம்பியைக் கரகரவென்று மூன்று பல் ஏறும் வரை இழுத்தால் மலையே சாய்ந்தாலும் வண்டி நகராது. நான் செய்த வேலைமேல் நம்பிக்கை இல்லாமல் கல் வைக்கிறாய் என்றால் அதையும் நேராகச் சொல்.

அப்புறம், ஓடுகிற வண்டியிலிருந்து கும்பிட்டால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பி


ஜூன் 19, செவ்வாய்

தம்பிக்கு,

சத்தம் நின்றுவிட்டது.

இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாக எழுதலாம் என்று. சனிக்கிழமை உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து, பறக்காமல் இருக்க மேலே ஸ்பேனர் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து வேலை செய்தேன். உன் அத்தான் பழைய லுங்கி ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்துவிட்டு, "அடியில போறதுக்கு முன்னாடி எனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லிட்டுப் போ" என்று கிண்டல் செய்தார். மேலேயும் கீழேயும் கிரீஸாகி வெளியே வந்தபோது அவருக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

முன் பக்கம் நீ சொன்ன மாதிரியே. கறுப்பாகப் பழையது பிதுங்கி வந்தது, பிறகு தேன் நிறத்தில் புதியது வந்தது. பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது. பின் பக்கம்தான் படுத்திவிட்டது. மூக்கையே கண்டுபிடிக்க முடியவில்லை. மண்ணும் எண்ணெயும் ஏறிக் கட்டியாக மூடியிருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டு அடித்தேன். அடித்தேன், அடித்தேன், வெளியே வரவே இல்லை. எத்தனை நாள் பசியோ அந்தச் சக்கரத்துக்கு, போட்டதெல்லாம் உள்ளே போகிறது. கன்னை மறுபடி நிரப்பி அடித்தேன். வலது பக்கமும் அப்படியே. டப்பாவில் பாதி காலி. கடைசி வரை வெளியே வரவில்லை, கை ஓய்ந்து நிறுத்திவிட்டேன். நாம் ஊட்டியது குறைவாக இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன் அல்லவா, அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன் பக்கம் செய்தபோது சும்மாதான் இருந்தார். பின் பக்கம் தொடங்கியதும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தார். நான் அடிக்க அடிக்க அவர் தட்டுகிறார். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் போயும் மகாராணியை நான் தொட்டால் அவருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கிட்டே போய், "உங்க பிள்ளை தீவுல இருக்கான்பா. நான் தொடாம வேற யாரு தொடுவா? தட்டுங்க, நல்லாத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்து இன்னும் நாலு அடி சேர்த்து அடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஊளை போன இடம் தெரியவில்லை. இறங்கும்போது பின்னால் லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. புது கிரீஸ் சூடாகிற வாசனை என்று விட்டுவிட்டேன். உன் ஹேண்ட் பிரேக்கும் மூன்று பல்லில் நிற்கவில்லை, ஆறு ஏழு இழுக்க வேண்டியிருக்கிறது. வரும்போது பார்.

கல்லை எறிந்துவிட்டேன். உன் வேலைமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, போதுமா? கும்பிட இறங்குவதை மட்டும் விட மாட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து கும்பிட நான் என்ன கடவுளுக்கு டாட்டாவா காட்டுகிறேன்?

இல்லத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத மனசில்லை. ஆனால் உதவி செய்தாய். அதை உன் பேரில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 27, புதன்

அக்கா,

காரை எடுக்காதே. இதைப் படித்ததும் மற்றதைப் படிக்காமல் போய்ச் சாவியை அத்தானிடம் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதம் இன்று காலைப் படகில் வந்திருக்கிறது. நான் ஜெனரேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். நிதானமாகக் கை கழுவி, சாப்பிட்டு, படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று வைத்திருந்தேன். படித்து முடித்துப் படகுத்துறைக்கு ஓடினால் படகு புள்ளியாகத் தெரிகிறது. கத்தினேன். காற்று என் பக்கம் அடிக்கிறது, என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

நான் எழுதாமல் விட்டது இதுதான். முன் பக்கத்துக்கு வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு இரண்டே அழுத்து. இரண்டுக்கு மேல் ஒன்று கூடக் கூடாது. பின் பேரிங்குக்கு வெளியே ஒரு சீல் இருக்கிறது, தோலும் ரப்பருமாக ஒரு வளையம், அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் பிரேக் டிரம். அதிகமாக அடித்தால் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் போய் பிரேக் ஷூவில் ஏறும்; பிறகு ஷூ பிடிக்காது, வழுக்கும். நமக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே வரவில்லை, பசி என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில்தான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். டப்பாவில் பாதி. அது எங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தீய்ந்த வாசனையும் அதுதான்.

படகு போகிற அவசரத்தில் "அதையும் அடி" என்று எழுதினேன். ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்காமல், உன்னைக் கிண்டல் செய்ய ஒரு வரி, உன் மேல் பழி போட ஒரு பக்கம் எழுதினேன். அதற்கெல்லாம் நேரம் இருந்தது.

கேள். கால் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமாவது பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். இப்போது அதில் பிடிக்க ஒன்றுமில்லை. ஆறு ஏழு பல் இழுக்க வேண்டியிருக்கிறது என்றாயே, நாளைக்கு எத்தனை இழுத்தாலும் நிற்காது. நீ நாலாவது வளைவில் இன்ஜினை அணைக்காமல், ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு, அப்பாவை உள்ளே வைத்துவிட்டு இறங்குவாய். கண்ணை மூடிக் கும்பிடுவாய். அந்த வளைவுக்குக் கீழே எவ்வளவு பள்ளம் என்று உனக்குத் தெரியும். கல்லையும் நான்தான் எறியச் சொன்னேன்.

நாளை வியாழக்கிழமை.

வயர்லெஸ்காரரிடம் போனேன். "தம்பி, இது கப்பலுக்கு இருக்குறது. குடும்பத்துக்கு இல்ல" என்றார். காலில் விழுந்தேன். வயசான மனுஷர், பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டு, "சரி, சுருக்கமாச் சொல்லு" என்றார். காரை எடுக்காதே, பின் பிரேக் இல்லை என்று சொன்னேன். "யாருக்கு?" அக்காவுக்கு என்றேன். "அக்கான்னா எந்தக் கப்பல்டா?" என்று கேட்டுவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டு துறைமுக ஆபீசுக்குத் தட்டினார். வாங்கிக்கொண்டார்கள் என்கிறார். வாங்கிக்கொண்டவன் அதை மலைமேல் அனுப்புவானா, மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவானா, தெரியாது.

அப்பா கட்டிலைத் தட்டினார் என்றாயே. அவர் உன்னைத் திட்டவில்லை, அக்கா. போதும் என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி


ஜூலை 1

அக்கா,

படகு வரவில்லை. கடல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. முந்தைய கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்து அனுப்புவேன். யாருக்கு அனுப்புகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

வயர்லெஸ்காரர் துறைமுகத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார். புயல் எச்சரிக்கை தவிர வேறு எதற்கும் இப்போது பதில் வராதாம். மூன்றாவது முறை நான் கதவில் நிற்பதைப் பார்த்து, "நீ அப்படி நின்னா மெஷின் கூட பயந்துக்கும்டா" என்றார். அவரும் தூங்கவில்லை.

என் வேலை ஜெனரேட்டருக்கு எண்ணெய் விடுவது. இன்று எவ்வளவு விட்டேன் என்று பார்க்காமல் விட்டு, வழிந்து எல்லாம் கீழே. மேஸ்திரி குவளையை வாங்கிக்கொண்டார்.

எனக்குக் கும்பிடத் தெரியாது. நீதான் வீட்டுக்கே சேர்த்துக் கும்பிடுகிறவள் என்று விட்டுவிட்டேன். நேற்று விளக்கு மேடையில் ஏறி நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அக்கா அங்கே நின்றபோது கண்ணை மூடியிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கடவுளிடம் போய் அவரைக் கும்பிட வேண்டாம் என்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சின்ன வயசில் நீ கல் வைக்க இறங்குகிறதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மழையிலும் இறங்குவாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவாய். நான் அப்பா மடியில் இருந்து ஹாரன் அடித்து உன்னைத் துள்ள வைப்பேன். அப்பா சிரிப்பார். அவர் என்னைத்தான் நம்புகிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டு, என் கைமேல் இருந்து தன் கையை எடுக்கவே மாட்டார். உன்னைக் கல் வைக்கச் சொல்லிவிட்டு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஒரு கார்டு போடு. நலம் என்று எழுத வேண்டாம். திட்டி எழுது. ஒரே ஒரு கெட்ட வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

தம்பி


ஜூலை 3, செவ்வாய்

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அப்பாவும் நானும்.

உன் வயர்லெஸ் செய்தி வந்தது. துறைமுக ஆபீசிலிருந்து யாரோ நம் போஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்து, தபால்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். "காரை எடுக்காதே. பின் பிரேக் இல்லை." அவர் வந்தது வெள்ளிக்கிழமை. உன் அத்தான் அதை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். நாங்கள் வியாழனே போய்விட்டோம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நடுவில் இரண்டு தடவை எப்படியோ போய் வந்துவிட்டோம். வியாழன் அன்று இறக்கம் தொடங்கியதுமே மகாராணி சரியில்லை. கால் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குனிகிறாள், பின்பக்கம் தள்ளுகிறது. அப்பா இடது கையால் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நாலாவது வளைவு வந்ததும் நிறுத்தினேன். கும்பிட மட்டுமில்லை, வேர்வையைத் துடைத்துக்கொள்ளவும்தான். ஹேண்ட் பிரேக்கை வரும் வரை இழுத்தேன். இறங்கினேன். பின்னால் போய் டிக்கியைத் திறந்து கல்லை எடுத்தேன்.

ஆமாம், கல். எறிந்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். எறியவில்லை. கொல்லை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். போடக் கை வரவில்லை. அந்தக் காரில் சின்ன வயசிலிருந்து எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். உனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பொய் எழுதினேன்.

முன் சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்துவிட்டுப் போய்க் கண்ணை மூடினேன். ஒரு வரி சொல்லியிருப்பேன். பின்னால் தட்டுகிற சத்தம். அப்பா கதவைத் தட்டுகிறார். அன்றைக்குக் கட்டிலைத் தட்டினாரே, அதே தட்டு. அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றைக்கு ஏனோ திரும்பினேன். மகாராணி கல்லைத் தள்ளிக்கொண்டு நகர்கிறாள். கல் தார் ரோட்டில் கரகரவென்று கோடு போட்டுக்கொண்டு போகிறது. வேகமாக இல்லை, ஒரு எருமை நகர்கிற மாதிரி. அந்தக் கல் இல்லையென்றால் நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எப்படி ஓடினேன், எப்படி உள்ளே விழுந்தேன் என்று தெரியாது. கால் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். நின்றாள். ஆனால் நான் காலை எடுத்தால் நகர்வாள். காலை எடுக்காமல் எவ்வளவு நேரம் இருப்பது? ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. "அப்பா, நான் என்ன செய்ய"ன்னு கேட்டேன். பேச்சில்லாத மனுஷரிடம் கேட்கிறேன் பார்.

அவர் செத்துக் கிடக்கிற வலது தோள் மேலேயே சாய்ந்து, இடது கையைக் குறுக்கே நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. பிறகு என் இடது முழங்காலில் ஒரு தட்டு. கிளட்ச் என்று புரிந்தது. மிதித்தேன். கியர் கம்பியைப் பிடித்து ஒரே தள்ளாக முதல் கியரில் போட்டார். மறுபடி முழங்காலில் தட்டினார். கிளட்சை விட்டேன். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு மகாராணி அசையாமல் நின்றுவிட்டாள். மெதுவாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நகரவில்லை.

அவர் சாய்ந்தபடியே என் மடியில் கிடந்தார், நிமிர முடியவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரை ஓட்டியது என்றால் அதுதான், தம்பி. ஒரு அடி கூடப் போகவில்லை.

அப்புறம் ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக் காட்டினார். கை முழுக்கத் தேன் நிறம். "யாரும்மா அடிச்சது? சக்கரத்துக்கு விருந்தே வெச்சிருக்கீங்க" என்றார். நான்தான் என்றேன். அப்பாவைத் தூக்கி லாரியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பேர் கேட்கக்கூட விட்டுவிட்டேன். தினமும் அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

நேரம் தவறிவிட்டதால் அன்றைக்கு அப்பாவுக்கு மூச்சு ரொம்ப முட்டியது. இங்கேயே வைத்திருக்கிறார்கள். நான் தரையில் படுக்கிறேன். நேற்றிலிருந்து பரவாயில்லை. ஆனால் டாக்டர், "இனிமே இவரை ஏத்தி இறக்காதீங்கம்மா. பக்கத்துல எங்கயாவது வெச்சுக்குங்க" என்கிறார். பக்கத்தில் என்றால் எது என்று உனக்குத் தெரியும். ஜன்னலில் நின்றால் அந்த இல்லத்தின் கேட் தெரிகிறது. தினம் பார்க்கிறேன். போய்க் கேட்க கால் வரவில்லை. நீ சொன்னபோது உன்னை என்னவெல்லாம் சொன்னேன். இப்போது நானே அந்தக் கேட்டைத் தள்ள வேண்டியிருக்கிறது. தனியாக என்னால் முடியாது.

மகாராணி வளைவிலேயே நிற்கிறாள். லாரிக்காரர் நாலு சக்கரத்துக்கும் பாறை வைத்துவிட்டுப் போனார். என் கல்லும் அங்கேதான் இருக்கிறது.

நீ வா.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

இன்று படகு வந்தது, உன் கடிதம் வந்தது. நான் எழுதி வைத்த இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். படிக்க வேண்டாம் என்றால் படிக்காதே. வயர்லெஸ்காரர் உன் கடிதத்தை வாங்கி அவரே ஒரு முறை படித்தார். "அக்கா கப்பல் கரை சேர்ந்துடுச்சுடா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மாற்று ஆள் அடுத்த படகில் வருகிறான். அதே படகில் நான் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், அந்தக் கேட் பக்கம் போகாதே. நான் வந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். அறையைப் பார்ப்போம். ஜன்னல் இருக்கிற அறையாகக் கேட்போம், வெளியே வண்டி நிறுத்த இடம் தெரிகிற மாதிரி. பிடிக்கவில்லை என்றால் வேறு யோசிப்போம். நான் சொன்னதுதான் நடந்தது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தால் அன்றைக்கே நான் ஏறுகிற படகு கரை சேராமல் போகட்டும்.

புது சீல் இரண்டும் ஷூவும் துறைமுகத்தில் கிடைக்கும். டிரம்மைக் கழற்றி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூட்டுகிறேன். பின் சக்கரத்துக்கு கிரீஸ் நீ அடி. இரண்டே அழுத்து. நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.

மகாராணியை விற்க வேண்டாம். அப்பாவைப் பார்க்க நீ மலை இறங்க வேண்டுமே. ஸ்டியரிங் உன்னிடமே இருக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். நாலாவது வளைவில் நிறுத்து. நீ இறங்கிப் போய்க் கண்ணை மூடிக்கொள்.

கல்லை நான் வைக்கிறேன்.

தம்பி